சாலன் காப்பர் காம்ப்ளெக்ஸுக்குப் பதில் இளநீலக் கூழ்

சாலன் காப்பர் காம்ப்ளெக்ஸ் செய்யப் போய் இளநீலக் கூழ் வந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சாலன் என்பது உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் கரிம மூலக்கூறு, அதாவது லிகண்ட்; அது காப்பரோடு பிணைந்து உருவாவதுதான் காம்ப்ளெக்ஸ். நீங்கள் வடிகட்டிய இளநீலக் கூழ் அந்தக் காம்ப்ளெக்ஸ் இல்லை. பெரும்பாலும் காப்பர் ஹைட்ராக்சைடுதான். சாலன் காம்ப்ளெக்ஸ் கரும்பச்சைத் தூளாக இறங்கும்.

காப்பர் சல்பேட் கரைசலில் முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு, அப்புறம் லிகண்டான சாலன் என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். சாலன் தண்ணீரில் கரையாது. அது வந்து சேருமுன் ஹைட்ராக்சைடு காப்பரைப் பிடித்துவிடுகிறது.

கூழில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் சூடாக்கிப் பாருங்கள். கறுத்தால் சந்தேகமே வேண்டாம், அது காப்பர் ஆக்சைடாக மாறுகிறது.

அடுத்த முறை மஞ்சள் சாலனைச் சூடான எத்தனாலில் முழுதாகக் கரைத்து, அதே மோல் அளவு காப்பர் அசிடேட்டை வெந்நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரமே தேவையில்லை. சாலனின் இரண்டு ஃபீனால் புரோட்டான்களையும் அசிடேட்டே வாங்கிக்கொள்ளும். சாலனின் இரண்டு நைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் காப்பரைச் சுற்றிச் சதுரத் தளமாக உட்காரும். இந்த வினையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஒரு எச்சரிக்கை: தூளின் காந்தத் திருப்புதிறனை அளக்கும்போது 1.8-க்குப் பதில் 1.4 போர் மேக்னட்டான் (அதன் அலகு) பக்கம் வந்தால், வினைபுரியாத காப்பர் அசிடேட் கலந்திருக்கலாம், நன்றாகக் கழுவுங்கள். நாகர்கோவிலில் சாரல் நேரம் என்கிறீர்கள், திறந்த தட்டில் உலர்த்த வேண்டாம். ஈரத்தை உறிஞ்சும் மூடிய கலமான டெசிக்கேட்டரில் வைத்த பிறகே எடை போடுங்கள்.