கூத்து அறக்கட்டளைக்கு ஏற்ற இணையதள மென்பொருள் எது?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் பதிவுபெற்ற தெருக்கூத்து அறக்கட்டளை ஒன்றை நடத்துகிறோம். இணையதளத்தை அமைத்துத் தந்த இளைஞர் வேலைக்காகப் பெங்களூரு சென்றுவிட்டதால், ஒரு தேதியைக்கூட எங்களால் மாற்ற முடியவில்லை. வேர்ட்பிரஸ், ட்ருபல், ஜூம்லா, விக்ஸ் ஆகியவற்றுள் எது எங்களுக்குப் பொருந்தும்?

பதில்: வேர்ட்பிரஸே பொருந்தும். 2003-இல் வெளிவந்த இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. டொமைனுக்கும் (தளத்தின் இணைய முகவரி) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) மட்டும் ஆண்டுதோறும் செலவாகும். அதைவிட முக்கியமானது, தெரிந்தவர் ஒருவர் ஊரைவிட்டுப் போனாலும் வேலூரிலேயே இன்னொருவரைத் தேடிப் பிடிக்கலாம் என்பது. ஜூம்லாவுக்கு அப்படி ஆள் கிடைப்பது அரிது. ட்ருபல் பெரிய ஆவணக் காப்பகங்களுக்கு ஏற்றது என்றாலும், 2025 ஜனவரியில் அதன் ஏழாம் பதிப்புக்கான ஆதரவு நின்றபோது, அதில் இருந்தவர்கள் தளத்தை ஏறக்குறைய மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது. சிறிய அமைப்பு அந்தச் செலவைத் தாங்காது. விக்ஸில் தொடங்குவது எளிது, ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே வேறு ஹோஸ்டிங்குக்கு எடுத்துச்செல்ல இயலாது.

மென்பொருளை நிறுவுவதற்கு முன், டொமைன் யாருடைய கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். அது அந்த இளைஞரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தால், புதுப்பிப்பு நினைவூட்டல்களும் அவருக்கே போகும். அவர் கவனிக்காமல் விட்டு அது காலாவதியானால், வேறு எவரும் அந்தப் பெயரை வாங்கிவிடலாம். நல்லுறவு இருக்கும்போதே அதை அறக்கட்டளையின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றித் தரும்படி கேட்டுவிடுங்கள்.

வேர்ட்பிரஸில் நிர்வாகி அனுமதியை அறங்காவலர்கள் இருவர் மட்டும் வைத்துக்கொண்டு, தேதிகளைப் பதிவிடுபவருக்கு எடிட்டர் அனுமதி கொடுங்கள். அவர் பக்கங்களைத் திருத்தலாமே தவிர, தளத்தின் தோற்ற வடிவமைப்பையோ (theme) கூடுதல் வசதிகளைத் தரும் செருகுநிரல்களையோ (plugins) தொட முடியாது என்பதால் அச்சமின்றி வேலை செய்வார். பாரதக் கூத்துப் பருவத்தில் ஊர்க்காரர்கள் தேடுவது எந்தத் தேதி காலியாக இருக்கிறது, யாரிடம் பேசுவது என்பதைத்தான். இவ்விரண்டும் கைபேசியில் திறந்தவுடன் முதல் பக்கத்திலேயே தெரியட்டும்.

பலரும் தவறவிடுவது எழுத்துரு. அச்சகத்தில் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த நோட்டீஸை நகலெடுத்து ஒட்டினால், தளத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும். அதற்காக நோட்டீஸைப் படமாக மட்டும் ஏற்றினால், ‘அருச்சுனன் தபசு’ என்றோ ஊர்ப் பெயரிலோ கூகுளில் தேடுபவருக்கு உங்கள் பக்கம் கிடைப்பது கடினம். என்எச்எம் கன்வர்ட்டர் என்னும் இலவச மென்பொருளால், எல்லாக் கருவிகளிலும் தமிழ் தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்து எழுத்தாகவே இடுங்கள். படத்தை அதன் கீழே சேர்க்கலாம். கலைஞர்களின் பெயர்களும் அவர்கள் கட்டிய வேடங்களும் தேடக்கூடிய எழுத்தில் இருப்பதையே இத்தகைய தளத்தின் முதற்கடமையாகக் கருதுகிறேன்.

நன்கொடைப் பக்கம் வைப்பதானால், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம்) அனுமதி இல்லாத அறக்கட்டளை வெளிநாட்டு நன்கொடை பெறக் கூடாது என்பதால், இணையவழிப் பணம் பெறும் சேவையான கட்டண வாயிலில் வெளிநாட்டு அட்டைகளை முடக்கிவைக்கச் சொல்லுங்கள். நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி பதிவு இருந்தால் நன்கொடையாளரின் பான் எண்ணையும் படிவத்தில் கேளுங்கள்.

இறுதியாக, முழுத் தளத்தின் நகலும் வாரந்தோறும் அறக்கட்டளையின் கூகுள் டிரைவில் தானாகச் சேரும்படி அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற செருகுநிரலை அமைத்து, கடவுச்சொற்களைத் தீர்மானப் புத்தகத்தோடு பூட்டிவைக்கும் தனி நோட்டில் எழுதிவையுங்கள்.