கொழுந்தியா மகளைத் தத்தெடுக்கிறோம்: “மாசம் ரெண்டு நாள் என்கிட்ட விடணும்” என்று எழுதலாமா?

கேள்வி: அரூரில் இருக்கிறோம், குழந்தை இல்லை. மொரப்பூரில் உள்ள கொழுந்தியா தன் 8 மாதப் பெண் குழந்தையைத் தரச் சம்மதிக்கிறாள். மாதம் இரண்டு நாள் அவளிடம் விடவேண்டும் என்று பத்திரத்தில் எழுதச் சொல்கிறாள். அரசு மூலம் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார் அண்ணன்.

பதில்: அந்த வரியை எழுதாதீர்கள். 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, தத்து நடந்த நாளிலிருந்து குழந்தைக்குப் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும்; பிறகு ரத்து செய்யவும் முடியாது. அதனால் அந்த நிபந்தனையை நம்பி அவள் கோர்ட்டுக்குப் போனாலும் நிற்பது கடினம். உங்களுக்கும் ஆபத்து உண்டு. நாளைக்குச் சொத்துத் தகராறு வந்தால், “குழந்தையை முழுசாகக் கொடுக்கவே இல்லை, வளர்க்கத்தான் விட்டார்கள்” என்று பங்காளிகள் அந்த வரியைத்தான் காட்டுவார்கள்.

தத்துச் சடங்கில் செய்யும் தத்த ஹோமம் கட்டாயமில்லை. மடியிலிருந்து மடிக்குக் குழந்தையைக் கொடுத்து வாங்குவதுதான் கட்டாயம். போட்டோ எடுத்து வையுங்கள். பலர் பத்திரத்தாளில் நோட்டரி முத்திரையோடு நின்றுவிடுகிறார்கள். கொடுப்பவர், எடுப்பவர் இருதரப்பும் கையெழுத்திட்டு சார்பதிவாளரிடம் பதிந்தால்தான், சட்டப்படி தத்து நடந்ததாகக் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். குழந்தைக்கு ஈடாகப் பணம், நகை கைமாறினால் குற்றம்.

அண்ணன் சொல்லும் வழியில் பெற்றவர் யாரென்று தெரியாது. ஒப்படைத்த தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசம். எடுப்பவருக்கு இணையப் பதிவு, காத்திருப்பு, கலெக்டர் உத்தரவு. 18 வயதானதும் பிள்ளை தன் வேரைத் தேட மனுச் செய்யலாம். ஆனால் அரசு வைத்த தொட்டிலில் விட்டுப்போன குழந்தைக்குத் தேடக் கோப்பில் என்ன இருக்கும்? தருமபுரிக்கு 2001-ல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு இதுதான் நிலை. பரம்பரை நோய் உண்டா என்று டாக்டர் கேட்டால் சொல்லவும் வழியில்லை.

உங்கள் மனைவி குழந்தைக்குப் பெரியம்மா என்ற முறையில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகவும் இதே குழந்தையைத் தத்தெடுக்கலாம். கலெக்டர் உத்தரவு கையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு வசதி.

எந்த வழியில் எடுத்தாலும் இந்தக் குழந்தை விஷயத்தில் ரகசியம் நிற்காது. மொரப்பூரில் ஒரு காதுகுத்துக்குப் போனால் எவராவது வாய்விட்டுவிடுவார். விவரம் தெரியும்போதே நீங்களே சொல்லிவிடுங்கள். பெற்றவளைச் சித்தி என்றே கூப்பிடட்டும். வந்துபோவதை வாய்ப்பேச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவன்று சகலையும் வரவேண்டும். அவர் சம்மதமில்லாமல் கொழுந்தியா மட்டும் கொடுத்தால் தத்து செல்லாது.