அம்மாவின் மறதிக்கு அந்த ஊசி: வயலை விற்பதற்கு முன்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: “அம்மாவுக்கு 71 வயது. அல்சைமர் என்று சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது குளிக்க, சேலை உடுத்த ஆள் துணை வேண்டும். இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மூளையில் சேரும் நச்சுப் புரதத்தை நீக்க ஊசி வந்திருக்கிறதாமே? வயலை விற்றாவது போட்டுவிடலாமா ஐயா?”

விற்காதீர்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த ஊசி ஏற்றதல்ல.

அல்சைமர் நோயில் அமிலாய்டு பீட்டா என்ற புரதம் நரம்பு செல்களுக்கு வெளியேயும், டௌ என்ற புரதம் உள்ளேயும் திரள்கின்றன. அமிலாய்டு உருவாவதையே தடுக்க முயன்ற சில மாத்திரைகள், சோதனையில் நினைவாற்றலை மேலும் கெடுத்ததால் கைவிடப்பட்டன. உருவானதை ஒட்டிப் பிடித்து அகற்றும் எதிர்ப்பொருள் மருந்துகளே ஓரளவு தேறின; நீங்கள் கேட்கும் ஊசி இந்த வகைதான். லெக்கானமாப் என்ற மருந்து, அமிலாய்டு திட்டுகளாகப் படிவதற்கு முந்தைய சிறு திரள்களைக் குறிவைக்கிறது; டோனனெமாப் என்ற மருந்து, ஏற்கெனவே படிந்துவிட்ட திட்டுகளைப் பிடிக்கிறது. அமெரிக்காவில் முதலாவதற்கு 2023-லும், அடுத்ததற்கு 2024-லும் அனுமதி கிடைத்தது.

பலன் எவ்வளவு? லெக்கானமாப் சோதனையில் 1,795 பேர் சேர்ந்தார்கள். நினைவாற்றலையும் அன்றாடச் செயல்களையும் மதிப்பிடும் 18 புள்ளி அளவுகோலில், 18 மாதங்களில் மருந்து பெற்றவர்கள் 1.21 புள்ளியும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்கள் 1.66 புள்ளியும் சரிந்தார்கள். வித்தியாசம் அரைப் புள்ளிகூட இல்லை. பல ஆண்டுத் தோல்விகளுக்குப் பிறகு இதுவும் பெரிய முன்னேற்றம்தான் என்பேன். ஆனால் போன நினைவை அது மீட்டுத் தராது. அதிலும் சேர்க்கப்பட்டவர்கள் நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள் மட்டுமே. சேலை உடுத்தத் துணை தேவைப்படும் நிலையில் நரம்பு செல்கள் ஏராளமாக அழிந்திருக்கும். பயிர் அழுகிய பிறகு வயலில் நின்ற நீரை வடிப்பது போலத்தான்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. திட்டுகள் அகலும்போது மூளையில் வீக்கமோ நுண்ணிய ரத்தக் கசிவோ ஏற்படலாம். பலருக்கு அறிகுறியே தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோருக்கு இதைத் தரவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. ஊசிக்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பக்கவாதம் வந்துவிடும் அபாயம் உண்டு.

வேறு வழிகள் இருக்கின்றன. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, பி12, சோடியம் பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். இவற்றின் குறைகள் மறதியைக் கூட்டும், சரிசெய்யவும் முடியும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுபோங்கள். தூக்கத்துக்கும் சிறுநீர் அவசரத்துக்கும் தரப்படும் சில மருந்துகளும் குழப்பத்தை அதிகமாக்கும். டோனெபெசில், மெமன்டைன் மாத்திரைகள் புரதத்தைத் தொடுவதில்லை. ஆனாலும் சிலருக்கு அன்றாட நடமாட்டத்தில் சிறிது உதவுகின்றன. விலையும் குறைவு. டோனெபெசில் நாடித் துடிப்பைக் குறைக்கக்கூடியது என்பதால், இதயக் கோளாறு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இப்போதே மரபணுப் பரிசோதனை தேவையில்லை. 65 வயதுக்குப் பிறகு வரும் அல்சைமர் பெரும்பாலும் ஒரே மரபணுவால் வருவதில்லை.