எந்த வௌவால்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒத்தவற்றைச் சேர்த்தும் நீண்டவற்றைச் சுருக்கியும் இங்கே தந்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் "வௌவால்" என்ற ஒரே சொல்லோடு தொடங்குகின்றன. எந்த வௌவால் என்பது தெரியாமல் அவற்றில் பாதிக்கு மேல் சரியான பதில் சொல்ல இயலாது. எனவே முதற் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

மின்குமிழைச் சுற்றிப் பறக்கும் சின்ன வௌவால்கள் வளர்ந்துதான் மருத மரத்தில் தொங்கும் பெரியவை ஆகின்றனவா? (கல்முனை)

இல்லை. வௌவால் குட்டி தன் தாயின் உடலளவை ஏறக்குறைய எட்டிய பின்னரே தனியாகப் பறக்கத் தொடங்கும். ஆகவே சின்னதாகப் பறப்பது சின்ன இனமே. உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் அறியப்பட்டுள்ளன. பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இவை. இலங்கையில் சுமார் 30 இனங்கள் உள்ளன. அவற்றுள் பழம் தின்பவை நான்கு மட்டுமே. ஏனையவை பூச்சிகளையோ சிறு பிராணிகளையோ பிடித்துத் தின்பவை.

பழந்தின்னிகள் நான்கில் மிகப் பெரியது நீங்கள் மருத மரத்தில் காண்பது. விரித்த சிறகு 1.2 மீற்றரைத் தாண்டும். வளர்ந்த ஆணின் எடை ஒரு கிலோவுக்கும் மேல். முகம் நரியினுடையது, கழுத்தும் தோளும் செம்பொன் நிறம். பட்டப்பகலில் திறந்த மரத்தில் நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டு, வெயில் ஏறும்போது ஒரு சிறகை விசிறிபோல் அசைத்து உடலைக் குளிர்விப்பதை மரத்தடியில் நின்றே பார்க்கலாம். அடுத்தது குகைப் பழந்தின்னி. பாறைக் குகைகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் தங்கும் இது, நாக்கைச் சொடுக்கி அதன் எதிரொலியைக் கேட்டு இருட்டில் வழி அறிகிறது. மற்றைய மூன்று பழந்தின்னிகளும் கண்ணையும் மூக்கையுமே நம்பியிருக்கின்றன. எஞ்சிய இரண்டும் உள்ளங்கையில் அடங்கும் குறுமூக்கு இனங்கள். அவற்றுள் ஒன்றின் ஆண், கித்துள் மரத்தின் தொங்கும் குலையில் நடுச்சரங்களை மட்டும் கடித்து அறுத்து, மணியின் உட்புறம்போல் ஒரு குழிவை அமைத்துக்கொண்டு அதற்குள் பெண்களோடு ஒதுங்கும்.

பூச்சி தின்னிகளை அடையாளம் காண மூக்கைப் பாருங்கள். மூக்கைச் சுற்றிக் குதிரை லாடம்போன்ற தோல்மடிப்பு இருந்தால் குதிரைலாட வௌவால், இலைபோல் அகன்றிருந்தால் இலைமூக்கு வௌவால். இவ்விரண்டும் மூக்கின் வழியாகவே ஒலியை அனுப்புகின்றன. வீட்டுக் கூரைகளில் அதிகமாகக் காணப்படுபவை மூக்கில் எந்த அலங்காரமும் இல்லாத, ஒரு தேக்கரண்டிச் சீனியைவிடச் சற்றே கனமான சிறு வௌவால்கள். காய்ந்த வாழைச் சருகுக்குள் தூங்கும் வண்ண வௌவாலும் இங்கே உண்டு. செம்மஞ்சள் உடலும் கறுப்புக் கட்டமிட்ட சிறகுமாக இருப்பதால் சருகோடு சருகாகவே தெரியும். இன்னொரு செய்தி பலரை வியக்க வைக்கும்: மரபணு ஆய்வுகளின்படி, குதிரைலாட வௌவாலும் இலைமூக்கு வௌவாலும் கூரையிலுள்ள சின்ன வௌவாலைவிடப் பெரிய பழந்தின்னிக்கே நெருங்கிய உறவு.

வௌவால் வாயால்தான் எச்சமிடும் என்று அம்மம்மா சொல்வார். உண்மையா? (ஏறாவூர்)

உண்மையில்லை, ஆனால் அம்மம்மா எதையும் பார்க்காமல் சொல்லவில்லை. பழந்தின்னி வௌவால் பழத்தைக் கடித்து, மேலண்ணத்தோடு நாக்கால் அழுத்திச் சாற்றை விழுங்கிவிட்டு, நாரையும் சக்கையையும் உருண்டையாகத் துப்பிவிடும். கொய்யா மரத்தின் கீழ் விடியற்காலையில் கிடக்கும் ஈரமில்லாத சக்கை உருண்டைகளில் அதன் பற்கள் பதிந்த தடமும் தெரியும். அதைத்தான் மக்கள் எச்சம் என்று எண்ணினார்கள். உண்மையில் கழிவு வெளியேறும் வேளையில், காலால் தலைகீழாகத் தொங்கும் பெரிய வௌவால் பெருவிரல் நகங்களால் கிளையைப் பற்றிக்கொண்டு, கால்களை விட்டு, தலை மேலாக நிமிர்ந்துகொள்ளும். தன்மேல் தானே படாதிருக்க அது செய்யும் ஏற்பாடு இது. மரத்தடியில் நிற்பவருக்கு அப்படியோர் ஏற்பாடு இல்லை என்பதால் குடையுடன் போவது நல்லது.

இரத்தம் குடிக்கும் வௌவால் நம் காட்டில் உண்டா? (உகந்தைக்கு நடந்து போகும் ஓர் அடியார்)

இல்லை. அவ்வாறான இனங்கள் உலகில் மூன்றே. மூன்றும் மெக்சிகோவிலும் அதற்குத் தெற்கேயும், அமெரிக்கக் கண்டத்தில் மட்டும் வாழ்பவை. பழைய மடங்களிலும் மண்டபங்களிலும் காலையில் தரையில் தவளைக் காலும், பல்லி வாலும், விட்டிற்பூச்சியின் சிறகும் கிடக்கக் கண்டால் அது பெருங்காது வௌவாலின் வேலை. அது இரையின் சரசரப்பைக் காதால் கேட்டே பாய்ந்து பிடித்து, தன் வழக்கமான இடத்துக்குக் கொண்டுவந்து தொங்கியபடி தின்னும்.

கூரைக்குள் குடியேறிய வௌவால்களைக் கொல்லாமல் எப்படி வெளியேற்றுவது? (காரைதீவு)

முதலில் இரண்டு மூன்று மாலைகள் வெளியே கதிரை போட்டு அமர்ந்து, மங்கல் பொழுதில் அவை எந்த இடைவெளியால் வெளிவருகின்றன என்று பாருங்கள். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே பெருவிரல் நுழையும் இடமே அவற்றுக்குப் போதும். அந்த வாசலுக்கு மேல்விளிம்பில் மட்டும் ஒட்டி, கீழே அரை மீற்றரளவு தளர்வாகத் தொங்கும்படி மெல்லிய கண்ணுள்ள வலையைக் கட்டினால், வெளியே வருபவை வலையின் கீழாக நழுவி வந்துவிடும், திரும்பி உள்ளே ஏற வழி கிடைக்காது. ஒரு வாரத்தின் பின் எவையும் வெளிவரவில்லை என்று உறுதியானதும் இடைவெளியைச் சீமெந்தால் அடைத்துவிடலாம். உள்ளே குட்டிகள் இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. பறக்க இயலாத குட்டிகள் உள்ளேயே செத்து நாறும். தாய்கள் வீட்டு அறைகளுக்குள் புகுந்து சுற்றும். குட்டிகளின் கீச்சொலி கேட்டால் அவை பறக்கும்வரை சில வாரங்கள் பொறுத்திருங்கள்.

எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்க வேண்டாம்; அதன் தூசியிலுள்ள பூஞ்சணம் நுரையீரலைத் தாக்கக்கூடும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசமும் கையுறையும் அணிந்து அள்ளுங்கள். கந்தகப் புகை போடுவதும் பட்டாசு கொளுத்துவதும் பயன்தராது: ஓடிய கூட்டம் சில நாளில் திரும்பும், அல்லது அயல்வீட்டுக்குப் போகும்.

வயலுக்கு வௌவால் நன்மை செய்கிறதா? ஒரு வௌவால் மணித்தியாலத்துக்கு ஆயிரம் நுளம்பு தின்னும் என்கிறார்களே? (வெல்லாவெளி)

ஆயிரம் நுளம்பு என்ற கணக்கு, அமெரிக்காவில் அறைக்குள் நுளம்புகளை விட்டு நடத்திய பரிசோதனையிலிருந்து பெருக்கிச் சொல்லப்பட்டது; திறந்த வெளியில் வௌவால் நுளம்பை மட்டும் தேடித் திரிவதில்லை, கிடைப்பவற்றுள் கொழுத்ததைப் பிடிக்கும். எனவே டெங்குக்கு வௌவாலை நம்பாதீர்கள். வீட்டைச் சுற்றியுள்ள சிரட்டையைக் கவிழ்ப்பதே வழி.

வயல் கதை வேறு. தாய்லாந்தில் குகைகளிலிருந்து இலட்சக்கணக்கில் புறப்படும் ஓர் இனம், உயரத்தில் இடம்பெயரும் நெற்தத்திகளைப் பெருமளவில் தின்பதாக ஆய்வாளர் கண்டுள்ளனர். நம் விவசாயிகள் அறக்கொட்டியான் என்று அஞ்சும் பூச்சியும் அந்தத் தத்திக் குடும்பத்தையே சேர்ந்தது. பெரும்போகத்தில் வட்டைக்குள் வாடியில் காவலிருந்தவர்களுக்கு, விளக்கு வெளிச்சத்தின் விளிம்பில் நிழலாக வந்து அந்துப்பூச்சியை அள்ளிக்கொண்டு போகும் சின்ன வௌவால் புதிதன்று. வௌவாலை நம்பிக் கிருமிநாசினியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பூச்சி தென்படுமுன்னரே நாட்காட்டி பார்த்துத் தெளிக்கும் பழக்கம், பூச்சியோடு அதைத் தின்பவற்றையும் சேர்த்துக் குறைக்கிறது.

எங்கள் மாமரத்தில் ஒரு பழம்கூட மிஞ்சுவதில்லை. பழந்தின்னியால் என்ன பயன்? (கிண்ணையடி)

உங்கள் ஊர்ப்பெயரிலேயே பதிலின் ஒரு பகுதி இருக்கிறது. களப்போரத்துக் கிண்ணை மரம் இரவில் மட்டும் பூக்கும். மாலையில் மொட்டு விரிந்து மகரந்தத் தாள்கள் தூரிகைபோல் பரந்து நிற்கும். விடிந்ததும் அவை உதிர்ந்து தண்ணீரில் மயிர்க்கற்றைபோல் மிதக்கும். அந்த ஓரிரவுக்குள் தேனை நக்க வரும் வௌவாலின் முகத்தில் ஒட்டிய மகரந்தம் அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். இலுப்பைக்கும் இலவுக்கும் இதே ஏற்பாடுதான். கடற்கரைப் புன்னையின் விதையையும், கஜுத் தோட்டத்தில் பழத்தோடு தூக்கிப்போன கொட்டையையும் வேறிடத்தில் போடுவதும் இவையே. தங்குமரத்தின் கீழ் கஜுக்கொட்டை பொறுக்கிய சிறுவர்களுக்கு இது தெரியும்.

இதைச் சொல்லி உங்கள் நட்டத்தை மறைக்க நான் விரும்பவில்லை. முற்றிய காய்களைத் துணிப்பையால் அல்லது தாள் உறையால் மூடுவதே மலிவான வழி. மரத்துக்கு வலை போடுவதானால் விரல் நுழையாத சிறுகண் வலையை விறைப்பாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். பழைய மீன்வலையைத் தளர்வாகப் போர்த்தும் வழக்கத்தில் வௌவால் சிறகு சிக்கிக் கிழிந்து, காலைவரை உயிரோடு தொங்கும். அதை விடுவிக்கப் போகிறவர் கடிபடுவார்.

முன்பு வானம் கறுக்கப் போகும் கூட்டம் இப்போது குறைந்துவிட்டது. ஏன்? (அக்கரைப்பற்று)

பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. பெரிய பழந்தின்னி ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். பராமரிப்பில் 30 ஆண்டுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கும் உயிருக்கு இந்த மெதுவான பெருக்கம் போதுமானது, ஆனால் இளவயதில் பல சாகத் தொடங்கினால் இழப்பை ஈடுசெய்ய அதனால் முடியாது. எலியோடு ஒப்பிட்டுப் "பெருகிவிடும்" என்று பேசுவது முற்றிலும் பிழை.

தங்குமரங்கள் குறைவதை நான் முதலாவதாக வைப்பேன். உயரமும் கிளைவிரிவும் கொண்ட மருது, புளி, ஆல் போன்ற மரங்களையே கூட்டம் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தும். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பில் பெருமரங்களை ஏராளமாய்ச் சாய்த்தது. எஞ்சியவையும் பின் வளர்ந்தவையும் வீதி அகலிப்புக்கும் கட்டடத்துக்குமாக வெட்டப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் நான் எண்ணிக்கைக்குப் போன ஓரிடத்தில், எச்ச நாற்றம் என்று முறைப்பாடு வந்ததும் ஒரு நிறுவனம் ஒரே நாளில் மரம் முழுவதையும் தறித்துவிட்டது. குட்டி பருவம் முடியும்வரை பொறுக்கும்படி கேட்டும் பயனில்லை.

அடுத்தது மின்கம்பி. மரக்கிளையென்று கம்பியைப் பற்றித் தொங்க முனையும் பெரிய வௌவாலின் நீண்ட சிறகு, அடுத்த கம்பியையும் தொட்டுவிடுகிறது. காலின் தசைநாண் பூட்டிக்கொள்வதால் செத்த உடலும் விழாமல் நாட்கணக்கில் காய்ந்து தொங்குகிறது. மார்பில் குட்டியோடு தொங்கும் தாய்களையும் அப்படிக் கண்டிருக்கிறேன். உறையிட்ட முறுக்குக் கம்பி போடப்பட்ட பாதைகளில் இந்த ஆபத்து மிகக் குறைவு. இறைச்சிக்கும் ஆஸ்துமா மருந்தென்றும் வேட்டையாடுவதும் நடக்கிறது. அந்த மருத்துவ நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவுமில்லை. குகைகளில் தீ மூட்டுவது, சுற்றுலாவுக்காகப் பலமான விளக்குப் போடுவது ஆகியன குகைவாழ் இனங்களை விரட்டும். வண்ண வௌவாலைக் காயவைத்துச் சட்டமிட்டு அலங்காரப் பொருளாக இணையத்தில் விற்பது அண்மைக் காலத்துத் தீமை.

நிபா பயத்தில் மரத்திலுள்ள கூட்டத்தை விரட்டலாமா? (பொத்துவில்)

வேண்டாம். 1998இல் மலேசியாவிலும், 2018இல் கேரளத்திலும் பரவிய நிபா வைரஸ் இயல்பாகத் தங்கி வாழ்வது பழந்தின்னி வௌவால்களில் என்பது சரியே; ஆனால் விரட்டப்பட்டு அலைக்கழியும் வௌவால்கள் கூடுதலாகக் கிருமியை வெளியேற்றக்கூடும் என்ற கவலையும், இறந்தும் காயப்பட்டும் விழுபவற்றை மனிதர் தொட நேரும் ஆபத்தும் இருக்கின்றன. வங்காளதேசத்தில் தொற்றுக்கு முக்கிய வழி, வௌவால் நக்கிய பச்சை ஈச்சம்சாறு. ஆகவே சாறு சேரும் முட்டியை மூடிக் கட்டுங்கள், பதநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள், வௌவால் கடித்த பழத்தை "கொஞ்சம்தான்" என்று வெட்டித் தின்னாதீர்கள்.

கடியை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. இலங்கையின் பெரிய பழந்தின்னிகளில், நீர்வெறுப்பு (ரேபிஸ்) நோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸ் கண்டறியப்பட்டு, 2016இல் கன்னொறுவ என்ற இடத்தின் பெயரால் அறிவிக்கப்பட்டது. கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். காயம் ஊசிமுனையளவாயினும் "வௌவால் கடித்தது" என்றே சொல்லுங்கள்.

முற்றத்தில் விழுந்து கிடந்த குட்டியை என்ன செய்வது? (திருக்கோவில்)

வெறுங்கையால் எடுக்காதீர்கள். தடித்த துவாயால் சுற்றி எடுத்து, நாயும் பூனையும் எட்டாத உயரத்தில், நிழலான மரத்தண்டில் அது தானே பற்றிக்கொள்ளும்படி வையுங்கள். இரவில் தாய் அதன் குரலைக் கேட்டுத் தேடி வரக்கூடும். பசுப்பால் புகட்ட வேண்டாம். காலையிலும் அங்கேயே இருந்தால், காற்றுத் துளையிட்ட பெட்டியில் துணியோடு வைத்து அருகிலுள்ள வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.