டிரெட்மில் டெஸ்டில் நடக்கும்போது பிபி இறங்கினால் இதய நோய் என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டது: அப்பாவுக்கு 58 வயது. டி.எம்.டி.யில் (டிரெட்மில் டெஸ்ட்) மூன்றாவது கட்டத்தில் பிபி 160லிருந்து 120க்கு இறங்க, பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஈசிஜி நார்மல். "பிபி குறைஞ்சா நல்லதுதானே" என்று சொல்லி அப்பா டாக்டரிடம் வர மறுக்கிறார்.

எப்படியாவது பேசி இந்த வாரத்துக்குள் இதய மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதுவரை வேகநடையும் பாரம் தூக்குவதும் வேண்டாம். நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மாத்திரை போட்டு பிபி குறைவது வேறு, பெல்ட் ஓடும்போது குறைவது வேறு. நடக்க ஆரம்பித்ததும் கால் தசைகளின் ரத்தக்குழாய்கள் விரிந்துவிடும். அப்படி விரிந்தும் மேல் பிபி ஏறுகிறதென்றால், இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் ரத்தம் பல மடங்கு கூடுகிறது என்று பொருள். பெரும்பாலான இடங்களில் வைப்பது புரூஸ் முறை. மூன்று நிமிடத்துக்கு ஒரு கட்டம்: முதலில் மணிக்கு 2.7 கி.மீ., 10% ஏற்றம். அடுத்து 4 கி.மீ., 12%, மூன்றாவது 5.5 கி.மீ., 14%. கட்டத்துக்குக் கட்டம் மேல் பிபி ஏற வேண்டும். கீழ் பிபி அப்படியே நிற்கலாம், கொஞ்சம் இறங்கலாம், அதில் தப்பில்லை. வேலை கூடக் கூட மேல் பிபி 10 மி.மீ.க்கு மேல் இறங்கினால் இதயத்தால் ஈடுகொடுக்க முடியவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். தொடங்குமுன் நின்றபடி எடுத்த அளவுக்கும் கீழே போனால் இன்னும் மோசம். இதயத்துக்கு ரத்தம் தரும் இடது பிரதானக் குழாயில் அல்லது மூன்று குழாய்களிலும் அடைப்பு, பம்ப் பலவீனம், அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு) சுருக்கம், இதயத்தசை தடித்துப்போகும் நோய் ஆகியவை முதலில் நினைக்க வேண்டியவை.

'ஈசிஜி நார்மல்' என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். 220லிருந்து வயதைக் கழித்து அதில் 85% பார்த்தால் அப்பாவுக்கு நாடித்துடிப்பு சுமார் 138 வந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே நிறுத்தியிருந்தால் ஈசிஜி மாற இடமே கிடைக்காமல் போயிருக்கலாம்.

பயமுறுத்துகிறேன் என்று கீழே யாராவது எழுதுவார்கள். பிபி இறங்கிய எல்லோருக்கும் அடைப்பு இருப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டிரெட்மில்லின் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்திருந்தாலோ, கை ஆட்டத்தில் கஃப் (கையில் சுற்றும் பிபி பட்டை) சத்தம் சரியாகக் கேட்காவிட்டாலோ அளவு தப்பாக வரும். தானியங்கிக் கருவி இதில் அதிகம் ஏமாற்றும். அளவு இறங்கியதும் கையைக் கம்பியிலிருந்து எடுக்கச்சொல்லி, ஸ்டெத் வைத்து உடனே இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும். பார்த்தார்களா என்று கேளுங்கள். பயத்தில் ஆரம்பத்திலேயே ஏறி நிற்கும் பிபி முதல் கட்டத்தில் இறங்குவதுண்டு. அப்பாவுக்கு இறங்கியது மூன்றாவதில், அதனால் அந்தச் சமாதானம் பொருந்தாது. பெல்ட் சட்டென்று நின்றதும் ரத்தம் காலில் தேங்கி இறங்குவதும் வேறு கதை. நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரேட், நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், தண்ணீர்கூடக் குடிக்காமல் போனது, இவையும் காரணமாகலாம். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், நாடித்துடிப்பையும் பிபியையும் குறைக்கத் தரும் பீட்டா பிளாக்கரை முக்கியமாக.

முதலில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பார்கள். வால்வு, தசைத் தடிமன், பம்ப் செய்யும் சதவீதம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆஞ்சியோவா, சி.டி. ஆஞ்சியோவா என்ற முடிவு. எக்கோ பார்க்காமல் "இன்னொரு தடவை டிரெட்மில் ஏறுங்க" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது ரிப்போர்ட் எழுதும் விதத்தில். கடைசி வரியில் 'டி.எம்.டி. நெகட்டிவ்' (அடைப்பின் அறிகுறி இல்லை) என்று போட்டுவிட்டு, பிபி எழுதிய பகுதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டி.எம்.டி. முடிவை வைத்து ஆபத்தைக் கணிக்க 1987லிருந்து புழங்கும் டியூக் மதிப்பெண்ணிலும் நடந்த நிமிடம், எஸ்டி மாற்றம் (ஈசிஜி கோட்டில் ஒரு பகுதி இடம் மாறுவது), நெஞ்சுவலி மூன்றும்தான் கணக்கு. பிபிக்கு அதில் இடமில்லை. மதிப்பெண் நன்றாக வந்தவருக்கும் பிபி இறங்கியிருக்கலாம்.

அதனால் கடைசி வரியை மட்டும் வாங்கி வராதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பிபி, நாடி, நிறுத்திய காரணம் எல்லாம் உள்ள முழு ரிப்போர்ட்டையும் கேளுங்கள். தெர்மல் தாளில் தந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், நாளாக ஆக எழுத்து வெளுத்துப்போகும்.