கொரோனாவில் தேங்கிய கிரிமினல் வழக்குகள்: கேள்வி பதில்

நாகர்கோவிலிலும் குழித்துறையிலும் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். வந்த கேள்விகளில் நாலுக்கு இங்கே பதில்.

மார்த்தாண்டத்திலிருந்து: வக்கீல் சார், 2019-ல் என் தம்பியை அடித்த வழக்கு. இன்னும் வாய்தா மேல் வாய்தா. கொரோனா போய் இத்தனை வருடமாகியும் ஏன்?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. 2020 மார்ச்சில் கோர்ட் மூடியதும் ஜாமீன் மனுக்களை வீடியோவில் கேட்டார்கள். சாட்சி கூண்டேறி, குறுக்கு விசாரணை நடக்க வேண்டிய வழக்குகள் பெரும்பாலும் அப்படியே நின்றன. புது எஃப்.ஐ.ஆர். மட்டும் வந்துகொண்டே இருந்தது. திறந்தபின், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) சிறையில் இருக்கும் வழக்குகளுக்கே முதலிடம். அது சரிதான். ஆனால் எதிரி ஜாமீனில் இருக்கும் உங்கள் தம்பி வழக்கு போன்றவை பின்னால் போய்விட்டன. அதற்குள் ஒரு சாட்சி வளைகுடாவுக்குப் போயிருப்பார். குளச்சல் மீனவர் என்றால் ஆழ்கடலில் இருப்பார், வாரக்கணக்கில் சம்மன் அவர் கைக்குப் போய்ச் சேராது. காயச் சான்று கொடுத்த டாக்டரும் விசாரித்த எஸ்.ஐ.யும் மாறுதலில் போயிருப்பார்கள். ஆளுக்கொரு வாய்தா என்றாலே வருடம் ஓடிவிடும். நம் மாவட்டத்தில் தேக்கத்துக்கு இதுதான் பெரிய காரணம் என்பேன். அரசு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். சாட்சிகளின் இப்போதைய முகவரியும் போன் நம்பரும் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவரை அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக வீடியோவில் விசாரிக்க மனு போடலாம்.

தக்கலையிலிருந்து: ஊரடங்கில் வழக்குத் தாக்கலுக்கான கெடுவை உச்ச நீதிமன்றம் நீட்டித்ததே, குற்றப்பத்திரிகை போட போலீசுக்கும் அது உண்டா?

கிடையாது. சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நீட்டிப்பைக் காட்டி ஜாமீன் மறுத்தது. சில நாள் முன்புதான் அதே கிளையில் வேறொரு நீதிபதி இதற்கு நேர்மாறாகச் சொல்லி ஜாமீன் கொடுத்திருந்தார். 2020 ஜூன் 19-ல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. 60 நாளோ 90 நாளோ, வழக்குக்கு உரிய கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் சிறையில் இருப்பவர் ஜாமீன் கேட்பது உரிமை. கொள்ளைநோய்க் காலத்திலும் அந்த உரிமை நிலைத்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

பூதப்பாண்டியிலிருந்து: 2021 செப்டம்பரில் செக் திரும்பியது. 2022 ஏப்ரலில்தான் நோட்டீஸ் விட்டேன். காலம் கடந்துவிட்டது என்கிறார் எதிர்த்தரப்பு வக்கீல்.

கடக்கவில்லை. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்ற உத்தரவு. இடையில் கெடு முடிந்தவர்களுக்கு 2022 மார்ச் 1 முதல் 90 நாள் கிடைத்தது. செக் வழக்கு நோட்டீசுக்கும் அது பொருந்தும். 2022 ஜனவரி 10-ந் தேதி உத்தரவின் நகலைத் தாக்கல் செய்யுங்கள்.

கருங்கலிலிருந்து: ஊரடங்கில் பைக்கில் போனதற்குப் போட்ட கேஸ் பாஸ்போர்ட்டுக்குத் தடையாகுமா அண்ணே?

2021 பிப்ரவரியில் அப்படிப்பட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளை வாபஸ் வாங்குவதாக அப்போதைய முதல்வர் அறிவித்தார், தம்பி. வன்முறை, போலி இ-பாஸ், போலீசைத் தடுத்தது போன்றவை இதில் சேராது. இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இன்னும் நிலுவையில் காட்டினால், விண்ணப்பிக்கும் முன்பே வழக்கு எண்ணோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.