நெடுந்தூரப் பயணத்துக்கு மோட்டார் ஹோம் வாங்குகிறோம், பெரியதா சிறியதா? எதை முதலில் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கணவன் மனைவி இரண்டு பேர், மாதக்கணக்கில் பல நாடுகள் சுற்றும் திட்டம், நடுவில் சில வாரம் மகளும் வந்து சேர்ந்துகொள்வாள். பார்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று 7 மீட்டருக்கு மேல் நீளமான, நடுவில் பெரிய கட்டில் போட்ட புது மோட்டார் ஹோம். இன்னொன்று 6 மீட்டர் சரக்கு வேனை வீடாக மாற்றிய பழைய வண்டி. எதை எடுப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் வேன் பக்கம். நானும் மனைவியும் அப்படி ஒரு வேனில்தான் பல காலமாகச் சுற்றுகிறோம், அதனால் கொஞ்சம் ஒருதலைப்பட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீளத்தை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். உள்ளே ஏறி சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்னால் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வண்டி இன்னும் எத்தனை கிலோ தாங்கும்?

ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் சாதாரண கார் உரிமத்தில் பொதுவாக ஓட்டக்கூடிய எல்லை 3,500 கிலோ, வண்டியும் அதில் ஏற்றியவை எல்லாமும் சேர்த்து. அதனால் அங்கே விற்கும் பெரும்பாலான வண்டிகளின் காகிதத்தில் 3,500 என்றே எழுதியிருக்கும், வண்டி 6 மீட்டரோ 7.4 மீட்டரோ. நீளம் கூடக்கூட வண்டியின் சொந்த எடை கூடுகிறது, எல்லை மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகப் பெரிய வண்டியில்தான் நீங்கள் குறைவாகச் சாமான் ஏற்ற முடியும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் நிஜம் இதுதான், கடையில் யாரும் தானாக வந்து இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடத் தயாரான நிலையில் எடை 3,050 கிலோ என்று விளம்பரத் தாளில் இருக்கிறது என்று வையுங்கள். மிச்சம் 450 கிலோ, தாராளம் என்று தோன்றும். அந்த 3,050க்குள் ஓட்டுநர் 75 கிலோ, 90 சதவீத டீசல் எல்லாம் அடக்கம், ஆனால் தண்ணீர் பல வண்டிகளில் வெறும் 20 லிட்டர் என்றுதான் கணக்கில் எடுத்திருப்பார்கள். 100 லிட்டர் டேங்கை நிரப்பினால் அங்கேயே 80 கிலோ போச்சு. மனைவிக்கு 70. பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் வெயில் மறைப்பு 30. கூடுதல் பேட்டரியும் சோலார் பேனலும் 50. இரண்டு சைக்கிளும் அதை மாட்டும் சட்டமும் 60. உடை, பாத்திரம், மளிகை, கருவிகள், மடக்கு நாற்காலி, மேசை, கயிறு, கேபிள், புத்தகம் எல்லாம் சேர்த்து 150 என்று வைத்தால்கூட மொத்தம் 440 வந்துவிடுகிறது. மகள் எங்கே உட்காருவாள்? இதில் இன்னொரு விஷயம், விளம்பரத் தாளில் இருக்கும் எடைக்கும் உண்மையில் உங்கள் கைக்கு வரும் வண்டியின் எடைக்கும் 5 சதவீதம் வரை வித்தியாசம் இருக்க ஐரோப்பிய விதியே இடம் கொடுக்கிறது. 3,050இல் 5 சதவீதம் என்றால் 150 கிலோவுக்கு மேல். அதனால் காகிதத்தை நம்பாமல் வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள், முன்சக்கரங்களைத் தாங்கும் முன் அச்சு தனி, பின் அச்சு தனி, அப்புறம் மொத்தம். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் எல்லை தாண்டுவது சாதாரணமாக நடக்கிற ஒன்று, ஏனென்றால் பின்சக்கரத்துக்கு வெகு பின்னால் தொங்கும் சைக்கிள்கள் நெம்புகோல் மாதிரி வேலை செய்து தங்கள் எடையைவிட அதிகமாகப் பின் அச்சை அழுத்தி, முன் அச்சைத் தூக்கும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தால் ஈரப் புல்லில் சக்கரம் வெறுமனே சுற்றும், வண்டி நகராது.

எடை கூடிவிட்டால் அபராதத்தோடு முடிவதில்லை. டயர் வெடிப்பது, பிரேக் பிடிக்கும் தூரம் நீள்வது, விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் கையை விரிப்பது எல்லாம் பின்னால் வரிசையில் நிற்கும். 3,500க்கு மேல் பதிவு செய்த வண்டியை வாங்கிக்கொள்ளலாமே என்றால், வாங்கலாம், உரிமம் இருந்தால். ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் அந்த வண்டிக்கு, 7.5 டன் வரை, வேக எல்லை மணிக்கு 100 கிலோமீட்டர். ஆஸ்திரிய நெடுஞ்சாலைகளில் கார்களைப் போல இத்தனை நாளுக்கு என்று மொத்தக் கட்டணம் கட்டிவிட்டுப் போக முடியாது, கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் பிடிக்கும் பெட்டியைக் கண்ணாடியில் மாட்ட வேண்டும். அமெரிக்காவில் இந்தத் தலைவலி குறைவு, பெரும்பாலான மாநிலங்களில் 26,000 பவுண்டு (சுமார் 11,800 கிலோ) எடை வரை சாதாரண உரிமமே போதும், அதனால்தான் அங்கே பேருந்து அளவு வண்டிகளைச் சாதாரணமாகப் பார்க்கிறோம். எந்தக் கண்டத்தில் அதிகம் ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தப் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வகையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அமெரிக்கக் கணக்கில் பி என்றால் வேன், சி என்றால் ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை, ஏ என்றால் வெறும் அடிச்சட்டத்தின் மேல் முழுதாகக் கட்டிய பேருந்து மாதிரியானது. பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருந்தால் சி வகையை விட்டால் வேறு வழி இல்லை. ஏ வகையில் முன்கண்ணாடி வழியாகத் தெரியும் காட்சிக்கு ஈடே கிடையாது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தக் கண்ணாடி உடைந்தால் அந்த மாடலுக்கென்று செய்த கண்ணாடி வரும்வரை நடுவழியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நெடுந்தூரம் என்று வரும்போது இந்த உதிரிபாக விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம். உள்ளே வீடு யார் கட்டினார் என்பதைவிடக் கீழே ஓடுவது யாருடைய வண்டி என்று பாருங்கள். ஃபியட் டுகாட்டோ, மெர்சிடிஸ் ஸ்ப்ரிண்டர், ஃபோர்டு ட்ரான்சிட் இவை மூன்றும் சரக்கு வேனாக லட்சக்கணக்கில் ஓடுகின்றன, சிறு நகரத்து மெக்கானிக்குக்கூட இவற்றின் வயிறு தெரியும். டுகாட்டோவின் உடன்பிறப்புகள்தான் பெஜோ பாக்ஸரும் சிட்ரோயன் ஜம்பரும். வட அமெரிக்காவில் அதே வண்டியைக் கொஞ்சம் மாற்றி ராம் ப்ரோமாஸ்டர் என்று விற்கிறார்கள். ஆனால் புது டீசல் எஞ்சின்களில் ஒரு சிக்கல் உண்டு. புகையைச் சுத்தம் செய்யும் வடிகட்டியும், புகையில் ஒரு திரவத்தைத் தெளித்து நச்சைக் குறைக்கும் ஆட்புளூ அமைப்பும் கந்தகம் மிகக் குறைந்த டீசலை நம்பித்தான் செய்யப்பட்டவை. ஐரோப்பாவுக்குள் சுற்றினால் கவலையில்லை. கந்தகம் அதிகமுள்ள டீசல் விற்கும் நாடுகளுக்குள் மாதக்கணக்கில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டு எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அங்கே பழைய எஞ்சின் வண்டிதான் நிம்மதி.

சரி, உள்ளே வருவோம். எந்த வண்டியையும் "வெளி இணைப்பு எதுவும் இல்லாமல் எத்தனை நாள் நிற்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள். விற்பவர் சோலார் பேனலைக் காட்டுவார். ஆனால் பெரும்பாலும் முதலில் கைவிடுவது கரண்ட் இல்லை, கழிப்பறை. வெளியே இழுத்தெடுக்கும் கழிப்பறைப் பெட்டி 18, 20 லிட்டர்தான் பிடிக்கும், இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான். தண்ணீர் சிக்கனமாக இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 லிட்டர், எனவே இரண்டு பேருக்கு 100 லிட்டர் மூன்று முதல் ஐந்து நாள் வரும். கழிவுநீர் டேங்க் அதற்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், சில வண்டிகளில் சின்னதாக வைத்துவிடுகிறார்கள். கூடுதலாக ஒரு கழிப்பறைப் பெட்டி வாங்கி வைத்துக்கொள்வது சோலார் பேனலைப் பெரிதாக்குவதைவிட உங்களைச் சுதந்திரமாக்கும். பேசக் கூச்சமாக இருப்பதால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மின்சாரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு. கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 40 ஆம்பியர்-மணி (பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தை அளக்கும் அலகு), விளக்கு, பம்ப், மின்விசிறி, போன், மடிக்கணினி எல்லாம் சேர்ந்து இன்னொரு 40. ஆக 12 வோல்ட்டில் 80, அதாவது ஏறக்குறைய 1 யூனிட். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் குறையும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம், எடையும் பாதிக்குக் கீழே. ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழ் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, குளிர் நாட்டுக்குப் போவதாக இருந்தால் பேட்டரி வண்டியின் வெதுவெதுப்பான உட்பகுதியில் இருக்க வேண்டும். சோலார் கோடையில் நன்றாக உழைக்கும். வட ஐரோப்பியக் குளிர்காலத்தில் கோடை விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். உங்களைப் போல ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு எஞ்சினிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் 30 ஆம்பியர் கருவிதான் உண்மையான நண்பன். இரண்டு மணி நேரம் ஓட்டினாலே 60 ஆம்பியர்-மணி ஏறிவிடும். இரவு முழுக்க ஏசி பேட்டரியில் ஓடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சமையலுக்கும் ஹீட்டருக்கும் எரியும் கேஸ் பற்றி ஒரு வார்த்தை. பியூட்டேன் பூஜ்யம் டிகிரி அருகில் ஆவியாவதையே நிறுத்திவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிண்டரின் வாய் நாட்டுக்கு நாடு வேறுபடும், ஒரு நாட்டில் வாங்கியதை அடுத்த நாட்டில் மாற்றித் தர மாட்டார்கள். அதனால் வண்டியின் டீசல் டேங்கிலிருந்தே எரிபொருள் எடுக்கும் ஹீட்டர் உள்ள வண்டியை நான் விரும்புவேன். உயரமான மலைப் பகுதிக்குப் போவதாக இருந்தால் அங்குள்ள மெல்லிய காற்றுக்கு ஏற்ப எரிப்பைச் சரிசெய்யும் கருவி அந்த ஹீட்டரில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

படுக்கை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சாப்பாட்டு மேசையைத் தாழ்த்தி மெத்தைத் துண்டுகளை அடுக்கிப் படுக்கும் ஏற்பாடு வார இறுதிக்குச் சரி, மாதக்கணக்கில் தினமும் இரவில் கட்டிக் காலையில் பிரிப்பது உறவுக்கே கேடு. நிலையான கட்டில் வேண்டும். ஆனால் 6 மீட்டர் வேன்களில் கட்டில் பெரும்பாலும் குறுக்காக இருக்கும், டுகாட்டோவின் உள்ளகலமே 1.87 மீட்டர் அளவுதான், ஸ்ப்ரிண்டரில் அதைவிடக் குறைவு. உங்களில் ஒருவர் 1.80க்கு மேல் உயரம் என்றால் 6.36 மீட்டர் நீள வேனில் நெடுக்காகப் போட்ட இரண்டு தனிக் கட்டில்கள் உள்ளதைப் பாருங்கள். குறுக்குக் கட்டிலில் இரவில் ஒருவர் எழுந்தால் மற்றவர் மேல் ஏறித்தான் இறங்க வேண்டும், வயது ஏற ஏற அது காமெடியாக இருக்காது.

மகள் விஷயத்தில், படுக்கை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், சீட் பெல்ட் எண்ணிக்கையைப் பாருங்கள். நான்கு பேர் படுக்கலாம் என்ற வண்டியில் இரண்டே பெல்ட் இருக்கலாம். பக்கவாட்டு இருக்கை கணக்கிலேயே வராது. வருடத்தில் சில வாரத்துக்காக 7 மீட்டர் வண்டியை வருடம் முழுவதும் இழுக்க வேண்டாம், அந்த வாரங்களில் அவளுக்கு ஒரு கூடாரமோ அறையோ போதும்.

பழைய வண்டி என்பதால் கடைசியாகச் சோதனை. வேன் என்றால் இரும்புக் கூடு, மூட்டு குறைவு, ஒழுகல் குறைவு, ஆனால் துரு பிடிக்கும். அடியில் படுத்துப் பாருங்கள், ஜன்னலும் கூரைத் திறப்பும் வெட்டிய ஓரங்களைப் பாருங்கள். பலகைகளை ஒட்டிக் கட்டிய வண்டி என்றால் ஈரப்பத மீட்டர் இல்லாமல் போகவே போகாதீர்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20ஐத் தாண்டினால் ஏன் என்று துருவ வேண்டும், 30ஐ நெருங்கினால் உள்ளே மரம் அழுகத் தொடங்கியிருக்கலாம், வாசனைத் திரவியம் அடித்து வைத்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடட்டும். டயரில் பள்ளம் நிறைய இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், இந்த வண்டிகளின் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறேழு வருடம் ஆனதென்றால் புது டயர் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

முடிந்தால் இதே அளவு வேனை ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள், வேண்டுமென்றே மழைக்காலத்தில். ஈரத்துணியும் இரண்டு ஆட்களும் உள்ளேயே அடைந்து கிடக்கும் இரண்டாவது நாளில் வேன் போதுமா போதாதா என்பது உங்கள் மனைவிக்குத் தெரிந்துவிடும். அவர் போதாது என்று சொன்னால் நான் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு அந்த 7 மீட்டர் வண்டியை எடைமேடைக்கு ஓட்டிக்கொண்டு போங்கள்.